சிரிக்கிற ஷாட்

மலையுச்சி பங்களாவில் பேய்ப்படத்தின் கடைசிக் காட்சி முடிந்தது. பிணமாகப் படுத்திருந்த தங்கமாரி மட்டும் எழவில்லை. செத்ததாக நடித்தவர், அதைப் படம்பிடித்த அதே கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். இல்லையென்றால் நடித்தது பலித்துவிடும் என்று சினிமாக்காரர்களுக்கு ஒரு பயம்.

"முகிலா, சிரிக்கிற ஷாட்ட எடுத்துருப்பா. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு."

பேய்க்கே ஒரு புடவைதான் வாங்கியிருந்த படம். கேமராவின் ஒரே பேட்டரியும் அந்தக் காட்சியோடு தீர்ந்திருந்தது. பங்களாவில் கரண்ட் கிடையாது. மூடுபனி ஏறிக்கொண்டிருக்க, ஜீப்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். கேமராமேன் முகிலன் இருண்டு கிடந்த கேமராவில் கண்ணை வைத்து, "ஓடுதுண்ணே, சிரிங்க" என்றான். தங்கமாரி பல் தெரியச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜீப் இறங்கத் தொடங்கியதும் தங்கமாரி கேட்டார்: "பதிவாயிருச்சுல்ல?"

"ஆச்சுண்ணே."

பிண மேக்கப்பைக் கலைக்காமலேயே முகிலனின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முகிலன் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். பாதி மலை இறங்கிய பிறகு, விரலை எடுக்கவே இல்லை.