தலைவரின் தொகுதி

'செட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழிலிருந்து விரட்டியடிப்பது எப்படி என்று சொல்லாக்கக் கழகத் தலைவர் அன்று முழங்குவதாக ஏற்பாடு. மண்டபம் நிறைந்துவிட்டது. தலைவரோ மேடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்ன மாமா, அதுக்குள்ள பேசி முடிச்சாச்சா?" என்றாள் மருமகள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா. என் தொகுதிய மறந்துட்டு வந்துட்டேன். உடனே எடுத்துட்டு வா," என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு முனகினார்.

மண்டபம் அடுத்த தெருதான். மாமனார் எழுதிய கட்டுரைத் தொகுதிகள் அத்தனையையும் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"இது இல்லம்மா. நான் தினமும் பயன்படுத்துற தொகுதி."

"ஒண்ணும் புரியல மாமா. எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?"

பக்கத்து நாற்காலியில் பொருளாளர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கருவித் தொகுதிம்மா!" என்றார் தலைவர், பல்லைக் கடிக்காத குறையாக.

வீட்டுக்கு ஓடியவள், ஸ்குரூடிரைவரும் குறடும் குலுங்கும் டூல்ஸ் பெட்டியோடு திரும்பி வந்தாள். அதற்குள் செயலாளர், "இப்போது தலைவர் உரை!" என்று அறிவித்து, மைக்கை அவர் வாயருகே நகர்த்தியிருந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் தலைவரின் பொறுமை பறந்தது.

"ஐயோ, பல் செட்டும்மா! பாத்ரூம்ல டம்ளருக்குள்ள கிடக்கு!"

கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.