வலமிருந்து இடமாக

பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அவள் அலமாரியைப் பார்த்துவிட்டாள்.

டிராகன் துண்டு துண்டாகக் கிடந்தது.

‘சாம்பல் வாசல்’ என்கிற அனிமே தொடரின் ஏழு பாகங்கள். ஜப்பானிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்த ப்ளூ-ரே டிஸ்க் பெட்டிகள். முதுகுகள் வெளியே தெரிய ஒட்டி நிறுத்தினால் ஒரே படமாகிவிடும். மலைமேல் நீண்டு படுத்திருக்கும் டிராகன். முதல் பாகத்தில் தலை, ஏழாவதில் வால்.

ஆனால் ஜப்பான்காரர்களின் பழைய புத்தகம் போல அந்தப் படமும் வலமிருந்து இடமாக ஓடும். முதல் பாகம் வலது ஓரத்தில் நிற்க வேண்டும்.

இப்போது இடது ஓரத்தில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசை. தலை தன் கழுத்தையே கடிக்கப் பார்த்தது.

யாரோ தொட்டிருக்கிறார்கள்.

“யாராச்சும் வந்தாங்களா?” என்று கேட்டாள்.

“யாரும் வரலையே.” சமையலறையிலிருந்து கணவனின் குரல்.

அந்த இழுவை அவளுக்குப் பிடிக்கவில்லை.

கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான் முகுந்தன். புனேயில் மழையா, மீட்டிங் எப்படிப் போனது என்று விசாரித்தான். டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தான். அதுவும் பிடிக்கவில்லை.

அவன் குளிக்கப் போனதும் அலமாரிக்கு அருகே போனாள்.

பெட்டிகளில் தூசி இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும். தெரியாதவர்கள் முதல் வேலையாக அதைத்தான் கிழித்துப் போடுவார்கள். ஏழு பட்டைகளும் கசங்காமல் இருந்தன. மூன்றாம் பாகத்து அட்டையில் ஒற்றைக் கையுறையோடு நிற்கும் ராணியின் முகத்தைக்கூட யாரோ பதமாகத் துடைத்திருந்தார்கள்.

கவனமான கை.

பெனிட்டா என்று மனம் சொன்னது. முகுந்தனின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். “ரொம்ப நீட்டான பொண்ணு” என்று அவன் ஒருமுறை சொன்னான். ஒருமுறைதான் சொன்னான். போதாதா?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாள் அம்மா. அம்மாவுக்கு என்ன, அவளுக்கு அனிமே தெரியாது.

முகுந்தன் இப்படி அடுக்கியிருக்கவே முடியாது. அவனுக்குத் தெரியும்.

தெரியும் என்பதால்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவனுக்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி. இந்த வயசில் கார்ட்டூனா? ஒருவன் கேட்டுவிட்டுத் தன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். முகுந்தன் சிரிக்கவில்லை. ஆர்.எஸ்.புரத்துக் காபிக் கடையில் எதிரே உட்கார்ந்து, “சாம்பல் வாசலா? முழுசாப் பாத்திருக்கேங்க. கடைசில அழுதுட்டேன்” என்றான்.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அவள் மசியவில்லை.

டிஸ்க்குகள் கல்யாணத்துக்குப் பிறகுதான் வரத் தொடங்கின. புதிய பெட்டி வரும்போதெல்லாம் அட்டைப் படத்தைக் காட்டி மணிக்கணக்கில் பேசுவாள். அவன் கன்னத்தில் கை வைத்துக் கேட்பான். பெட்டியை அவள் இடது பக்கத்தில் ஒட்டி நிறுத்த, டிராகன் இன்னும் கொஞ்சம் நீளும். அவன் கை தட்டுவான்.

அப்படிப்பட்டவன் தலையையும் வாலையும் மாற்றி வைப்பானா?

சோபாவில் யார் உட்கார்ந்தார்கள், எந்தக் கப்பில் குடித்தார்கள் என்றெல்லாம் யோசித்தாள். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் யோசித்தாள்.

நேரே கேட்டால் மழுப்புவான். அவன் வாயாலேயே வரவைக்க வேண்டும்.

பெட்டிகளை எல்லாம் இறக்கி, கலைத்து, கட்டில்மேல் போட்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

“சுவர்ல ஈரம் இருக்கான்னு பாத்தேன். இதைக் கொஞ்சம் அடுக்கிடறியா?”

அவன் வலமிருந்துதான் அடுக்குவான். அடுக்கி முடிக்கட்டும். அப்படியானால் முன்னால் அடுக்கியது யார் என்று கேட்கலாம். அதற்கு மேல் அவன் எங்கே ஓடுவான்?

முகுந்தன் பெட்டிகளைப் புரட்டி எண்ணைப் பார்த்தான். முதல் பாகத்தை எடுத்தான்.

இடது ஓரத்தில் வைத்தான்.

அதன் பக்கத்தில் இரண்டு. அதன் பக்கத்தில் மூன்று. கை தயங்கவே இல்லை. ஏழாவதையும் வைத்துவிட்டு விளிம்புகளை விரலால் தட்டிச் சமமாக்கினான்.

“நேத்துதான் எல்லாத்தையும் தொடச்சு அடுக்குனேன், நீ வர்றேன்னு. நீ கவனிக்கவே இல்ல.”

பெனிட்டா வரவில்லை. யாருமே வரவில்லை.

நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷன்மேல் போய் என்னென்ன நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அவனும் அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வால் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். அவன் முகம் நிறைவாக இருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

“முகுந்த்,” என்றாள். “கடைசில இந்த டிராகன் எங்க போகும்?”

அவன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டான்.

“நீ சொல்லேன். நீ சொன்னாத்தான் நல்லாருக்கும்.”

எத்தனையோ முறை கேட்ட பதில். ஒவ்வொரு முறையும் அவள் ஆசை ஆசையாகச் சொல்லியிருக்கிறாள்.