மூக்குத்தியைத் திருப்பிக் கேட்டவள்

"என் மூக்குத்தியைக் கொடு. இப்பவே கொடு!"

மருதம்மாள் போட்ட சத்தத்தில் கடைக்கார முருகையாவின் கையிலிருந்த தங்கத் தராசு ஆடியது.

கடையில் கூடியிருந்த கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. தர்மமாகக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற பொம்பளையை மலாயாவின் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அதுவரை யாரும் கண்டதில்லை. அதுவும் யாரிடம்? பிரேமாவதியிடம்!

பிரேமாவதிக்குப் பதினேழு வயது. சுங்கைப்பட்டாணியில் ஹைஸ்கூல் படிக்கிறாள். அவளுடைய அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே காலரா வந்து, மருந்து கொடுக்க ஆளில்லாமல் செத்தார். சண்டை முடிந்ததும் முதல் கப்பலில் மெட்ராஸுக்குப் போய் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி உதவி கேட்டாள்.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருக்கிற சனம் எதைக் கொடுக்கும்? தோடு கொடுத்தார்கள், மூக்குத்தி கொடுத்தார்கள். சயாமுக்குப் போன புருஷன் திரும்பாத பெண்கள் தாலிக் குண்டையே கழற்றிக் கொடுத்தார்கள்.

ஒன்றரை வருஷம் சேர்த்த அந்தப் பொட்டலம்தான் இன்று முருகையாவின் தராசில் இருந்தது. அவராகவே முன்வந்த காரியம்.

"லயத்துல தங்கத்தை வச்சிருக்காதே தங்கச்சி. ஜப்பான்காரன் காதுல விழுந்தா பிடுங்கிட்டுப் போயிடுவான். நான் நோட்டா தர்றேன், பேங்குல போட்டு வை. வெளியில கிடைக்கிற மாதிரி ரெண்டு மடங்கு விலை. அதுக்கு மேல ஆயிரம் டாலர் என் தர்மம்."

வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கட்டுக்கட்டாக அடுக்கியும் வைத்துவிட்டார். மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்து நின்றாள் மருதம்மாள். முருகையா வீட்டிலேயே சமையல் செய்து பிழைக்கிறவள்!

"என்ன அத்தை, நீங்களா குடுத்ததுதானே?" பிரேமாவதி கேட்டாள்.

"படிப்புக்குக் குடுத்தேன். இவரு பெட்டிக்குள்ள போறதுக்குக் குடுக்கல."

கூலிகளை மேய்க்கும் மண்டோர் பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை. "ஏ மருதம்மா, வெக்கமா இல்ல? முருகையா அண்ணன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, அவர் செய்யற தர்மத்தையே கெடுக்கிறியா?"

மருதம்மாள் எட்டி, தராசைத் தட்டிவிட்டாள்.

தங்கமெல்லாம் தரையில் சிதறியது.

"அவங்கவங்க பொருளை அவங்கவங்க எடுத்துக்குங்கடி! உங்க புருஷன் கட்டுன தாலிக் குண்டை உருக்கி இவரு சம்சாரம் வளையல் போட்டுக்கட்டும், பார்த்துக்கிட்டு நில்லுங்க!"

புருஷன் சயாமிலிருந்து திரும்பாத குணவதிக்கு அது சுருக்கென்று தைத்தது. குனிந்து தன் குண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒருத்தி எடுத்தால் போதாதா? எல்லாரும் பாய்ந்தார்கள்.

முருகையா பதறிப்போனார். "மூணு மடங்கு தர்றேன்! ஐயோ, பிள்ளை படிப்பைக் கெடுக்காதீங்க!"

யார் கேட்டார்கள்? கொஞ்ச நேரத்தில் பொட்டலம் கட்டிய துணி மட்டும்தான் மிச்சம்.

"என் படிப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அத்தை! நீங்க நல்லா இருப்பீங்களா?" பிரேமாவதி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மருதம்மாள் மூக்குத்தியைக் கைக்குள் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்றைக்கே அவளுக்கு வேலை போனது. குழாயடியில் அவளைக் கண்டதும் காறித் துப்பினார்கள். துப்பாமல்? தகப்பனில்லாத பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவளுக்கு மாலையா போடுவார்கள்?

ஒரு வாரம் போயிருக்கும். ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்று செய்தி வந்தது.

வாழைமர நோட்டைப் பாசார் சந்தையில் கையால் தொட ஆளில்லை. ஜனங்கள் அதை வைத்து அடுப்பு மூட்டினார்கள். கடலோரத் தஞ்சோங் டாவாய் ஊரில் மீன்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் வீட்டு நகைகளையெல்லாம், இதே ரெண்டு மடங்கு விலைக்கு, இதே நோட்டைக் கொடுத்து முருகையா வாங்கிப் போயிருந்தார். தர்மப் பிரபு!

பிரேமாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருதம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

அவளைப் பார்த்ததும் மருதம்மாள் மூக்குத்தியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா. மத்தவங்களும் தருவாங்க, போய்க் கேளு."

"அத்தை, நோட்டு செல்லாமப் போகும்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"ஜப்பான்காரன் தடை போட்ட ரேடியோவை முதலாளி அரிசி ரூமுல ஒளிச்சு வச்சுக் கேப்பாரு. ஜப்பான்காரன் தோத்துட்டான், கையில இருக்கிற நோட்டைச் சீக்கிரம் தங்கமா மாத்தணும்னு அன்னிக்குக் காலையில சம்சாரத்துக்கிட்ட சொன்னாரு. அடுப்படியில நின்ன எனக்குக் கேட்டுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஊரே உங்க மேல துப்புச்சே!"

மருதம்மாள் சிரித்தாள்.

"ரேடியோன்னு வாயைத் திறந்திருந்தா, சொன்ன என் தலையையும் ஜப்பான்காரன் வெட்டியிருப்பான், கேட்ட உன் தலையையும் வெட்டியிருப்பான். ஊர் துப்புனா தொடைச்சுக்கலாம் லா, பிள்ளை."