இரண்டு கையும்

துண்டைப் பிரித்ததும் வேம்புலி வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, லென்ஸுனு சொல்லிட்டு உலக்கைய எடுத்தாந்து வெச்சிகீறீங்க!"

நெமிலிச்சேரியிலிருந்து வந்தவன். கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுப்பது பிழைப்பு. பறவை எடுப்பது பைத்தியம். அயனம்பாக்கத்தில் ஒரு பெரிய லென்ஸ் விலைக்கு இருக்கிறது என்று போனில் பார்த்தவன், மத்தியானச் சோற்றைக்கூடத் தின்னாமல் ஓடி வந்திருந்தான்.

விற்கிறவரான சுப்பராயனும் சிரிக்கத்தான் பார்த்தார். உதடு வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

ஐந்து மாதமாகப் பீரோவுக்குள் கிடந்த சாமான். இன்று பொழுது சாய்வதற்குள் அது இந்த வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். போய்விட்டால் இன்றாவது தூக்கம் வரும் என்று ஒரு நப்பாசை.

வேம்புலி பையிலிருந்து தன் கேமராவை எடுத்தான். புது மிரர்லெஸ். அரைக் கிலோகூட இருக்காது.

"நம்மளுது சிட்டுக்குருவி. இத்த மாட்னா கழுத்து ஒடிஞ்சிடாது?"

மாட்டித் திருகினான். டக்கென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் கேமராவைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினான், பாருங்கள். சுப்பராயன் பாய்ந்துபோய் லென்ஸுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துவிட்டார்.

"கேமராவப் புடிக்காத நைனா. லென்ஸப் புடி. ரெண்டு கையாலயும்."

அது அவர் மனைவி மோகனப்பிரியா போட்ட சட்டம்.

வாங்கிய புதிதில் அவளே ஒரு தரம் கேமராவைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டு கிலோ பாரம் முன்னால் தொங்கி, லென்ஸ் மாட்டுகிற கேமராவின் வாய் வளையமே கோணிப்போனது. ரிப்பேருக்குப் போனது திரும்பி வரும்வரை இரண்டு மாதம் அவள் பறவை எடுக்க ஏரிப் பக்கமே தலைகாட்டவில்லை.

அதிலிருந்து சட்டம். கனமானதைப் பிடி, லேசானது தானாகக் கூட வரும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கினால் இரண்டு கையாலும். கீழே வைப்பதானால் துண்டை நாலாக மடித்து, அதன்மேல்.

சுப்பராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிறவர். மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிற கை. சட்டம் பழக அதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. பழகியபின், யோசிக்காமலே செய்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் லென்ஸைச் சுமந்துகொண்டு முன்னால் போவார். அவள் சின்னக் கேமராவோடு பின்னால். ஆளும் அப்படித்தான், அவர் தடி, அவள் ஒல்லி. லென்ஸ் போகுது பார், பின்னாலேயே கேமரா போகுது பார் என்று தெருவே கேலி பேசும். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

வேம்புலி மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றான். ஏறினார்கள்.

"யம்மாடி! ஏரி அப்டியே கைக்கு வருது அண்ணாத்தே. மதகு படிக்கட்டு தெரிது. படில கீற பாசிகூட தெரிது. நீங்க பாக்கறீங்களா?"

சுப்பராயன் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நீங்க எடுத்துகினு இருந்ததா?"

"இல்ல. ஊட்ல எடுத்துகினு இருந்தாங்க."

"கீய கீய வுழுந்துகீதா?"

"இல்ல."

"தண்ணில?"

"அது வுழல."

வேம்புலி லென்ஸைக் கழற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், அடியில் இருக்கிற பிடியைக்கூடத் தடவிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் பூரித்துப்போனது.

கீழே வந்து பேசி முடித்தார்கள். துண்டோடு கொடுங்கள் என்று அவன் கேட்டபோது, துண்டு கிடையாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். ஓரத்தில் சேறு காய்ந்த பழைய துண்டு. அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

லென்ஸை இரண்டு கையாலும் நீட்டினார். வேம்புலி, சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டு கையாலும் வாங்கினான்.

சுப்பராயனின் விரல்கள் விடவில்லை.

"வுடுங்க அண்ணாத்தே, நா புடிச்சிகினேன்" என்று வேம்புலி சிரித்தான். "ஒரு கீறல்கூட இல்ல. கட்ன பொண்டாட்டியகூட எவனும் இப்டி பாத்துக்க மாட்டான்!"

அன்றைக்கும் இப்படித்தான். மதகின் கடைசிப் படியில் குந்தி நீலக்கோழியைப் படம் எடுத்தவள், எழுந்து, கேமராவோடு லென்ஸை இரண்டு கையாலும் நீட்டினாள். மேல்படியில் நின்று அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் கால் பாசியில் வழுக்கியது. "என்னாங்க" என்றாள். மழைக்கு நிரம்பிய ஏரி. அந்த ஒரு சொல்தான் மேலே வந்தது.

நீயும்தானே குதிச்சே, வேற இன்னா பண்ணுவே என்று ஊரே அவருக்கு ஆறுதல் சொன்னது.

குதித்தார்தான்.

முதலில் படியில் குந்தினார். லென்ஸை மடியில் கிடத்திக்கொண்டார். தோளிலிருந்த துண்டை உருவி நாலாக மடித்தார். அதன்மேல் லென்ஸை, உருளாமல், பதமாக வைத்தார்.

அப்புறம் குதித்தார்.