காய்ந்த முகம் சின்னவள்

மூன்றாவது மாடி. அண்ணன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றபடி தங்கை இன்னொரு முறை புறங்கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

வழுக்கிக்கொண்டு போனது.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அறுபத்தைந்து வயதில் சொந்தக் கன்னத்தை இத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறவள் ஊர் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா இன்னும் வரவில்லை. அக்கா என்றால் பத்து நிமிடம்தான் மூத்தவள். இரட்டைப் பிறவிகள், அச்சில் வார்த்ததுபோல் ஒரே முகம்.

பிறந்தநாள் வந்தால் இருவரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, வாய் திறக்காமல், அண்ணன் வாசலில் நிற்பார்கள். யார் பெரியவள், யார் சின்னவள் என்று அவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு எல்லாப் பாத்திரமும் அவர்தான் கழுவ வேண்டும். தங்கையின் இடது கட்டைவிரலில் கத்தி கீறிய தழும்பு ஒன்று உண்டு. அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது ஆட்டத்தின் விதி.

முப்பது வருடத்தில் அண்ணன் கழுவாத பாத்திரம் இல்லை.

போன வருடம்தான் கதை மாறியது. கதவைத் திறந்தவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? காஞ்ச மூஞ்சி சின்னவ, பளபளப்பு பெரியவ. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா ஆட்டத்தையே நிறுத்திடுவோம்."

வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தங்கை சிரித்து வைத்தாள். திரும்பிப் போகிற பேருந்தில் அழுதாள்.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அக்கா நாற்பது வருடம் நூலகத்தின் குளுகுளு அறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு எண் ஒட்டியவள். தங்கை நாற்றுப் பண்ணையில் வெயிலோடு வெயிலாக நின்று செடிகளுக்கு ஒட்டுக் கட்டியவள். தோல் வறண்டு, கன்னம் சொரசொரத்து, முகம் கழுவிய ஐந்தாவது நிமிடமே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

அழகு போனதற்காக அவள் அழவில்லை. அது எப்போது இருந்தது, இப்போது போக? அக்காவின் முகத்தைவிட்டுத் தன் முகம் தனியே பிரிந்து போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பல மாதம் மனதுக்குள்ளேயே புழுங்கிவிட்டு, கடைசியில் தோல் டாக்டரிடம் போய் நின்றாள். துணி துவைக்கிற சோப்பிலேயே முகமும் கழுவுவதாக அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றோடு அந்தச் சோப்பு நின்றது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் நின்றது. வெதுவெதுப்பான தண்ணீர், துண்டால் ஒற்றி எடுத்தல், ஈரம் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிடத்துக்குள், க்ரீம். பகலில் வெயிலுக்கென்று வேறொரு க்ரீம், அதற்கு மேல் தொப்பி. யாரை மயக்கப் போகிறாய் என்று பண்ணையில் ஓட்டித் தள்ளினார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மூன்று மாதமும் அக்காவின் கண்ணில் படாமல் சாக்குப்போக்குச் சொல்லியே தப்பித்தாள். எல்லாம் போனோடு சரி. நல்லவேளையாக அக்காவும் நேரில் வரச் சொல்லி வற்புறுத்தவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழே, தான் உடுத்தியிருந்த அதே நீலத்தில் ஒரு சேலை தெரிந்தது. தங்கை சந்தோஷமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அக்கா கடைசிப் படியில் ஏறித் தலையைத் தூக்கினாள்.

மூக்கு உரிந்திருந்தது. நெற்றி கறுத்திருந்தது. கன்னம் இரண்டும் வறண்டு, வெள்ளை பூத்து, சொரசொரவென்று கிடந்தன.

இருவரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு மாசமா மொட்டை மாடி வெயில்ல உக்காந்தேன்டி, உன்ன மாதிரி ஆகணும்னு," என்றாள் அக்கா, மெதுவாக. "துணி சோப்பு வேற."

தங்கையின் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்தது. பட்ட பாடெல்லாம் வீண். இப்போதும் ஒருத்தி காய்ந்திருக்கிறாள், ஒருத்தி மின்னுகிறாள். தெருமுனையில் நிற்கிறவன்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவான். ஆட்டம் இன்றோடு சரி.

மணியை அழுத்தாமலே கதவு திறந்தது. அண்ணன் இந்த வருடமும் கண்ணாடி போடவில்லை. ஒரு பார்வைதான் பார்த்தார்.

"அதேதான்! காஞ்ச மூஞ்சி சின்னவ, பளபளப்பு பெரியவ. ஆட்டம் முடிஞ்சுது, உள்ள வாங்க."

தங்கைக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

பிறகு, மின்னுகிற முகத்தோடு, தழும்பு விழுந்த இடது கட்டைவிரலை முன்னால் நீட்டினாள்.

அண்ணன் விரலைப் பார்த்தார். ஒரு முகத்தைப் பார்த்தார். மறு முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடி உள்ளே போனார். அக்காவும் தங்கையும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்துகொண்டது.

சாப்பாடு முடிந்ததும் தங்கை அக்காவைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, பையிலிருந்து க்ரீமை எடுத்தாள். விரலுக்கடியில் தன்னுடைய பழைய கன்னமே உரசியது.

"எரியுதா?"

"எரியட்டும். அவசரப்படாதே, கொஞ்சமாப் போடு. இன்னும் நாலு நாள் நான் நீயாவே இருந்துட்டுப் போறேன்."

சமையலறையில் அண்ணன் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்த சத்தம் கேட்டது.