ஏழாம் நபர்

"பத்துக் கட்டுரையை ஒருத்தரும் சீண்டல. இந்த ஒண்ணை மட்டும் அறுநூறு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. எப்படிம்மா?"

கடித்த கறிபாப்புப் பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார் 'டத்தோ' என்ற அரசுப் பட்டம் பெற்ற ஜம்ரி, தேர்வுக் குழுத் தலைவர்.

ஹயாத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான்கு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். வருடம் முடியும்போதெல்லாம், "அடுத்த வருஷமும் அங்கதானே இருப்ப?" என்று செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் அப்பா கேட்பார். அந்த வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளான அவள் எதையாவது சொல்லி மழுப்புவாள். இன்று தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கை விளங்காதவங்களுக்குச் செயற்கைக் கை செய்யுற ஆராய்ச்சி டத்தோ. தலையில மின்முனைத் தொப்பியை மாட்டி, 'கையை அசைக்காம, மடக்குற மாதிரி நினைங்க'ன்னு சொல்லி, வந்தவங்களுக்கு வரிசையா எண் போட்டு மூளை அலையைப் பதிவு பண்ணினேன். பதிவையெல்லாம் இணையத்துல சும்மாவே போட்டேன். எடுத்து ஆள்றவங்க என் கட்டுரையை மேற்கோள் காட்டியே ஆகணும். அதான் வழக்கம்."

"அப்போ உலகம் பூரா உங்க செயற்கைக் கையைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்காங்க?" என்றார் குழுவில் இருந்த பேராசிரியர் ஓங். அந்த அம்மாவின் மேற்கோள் எண்ணிக்கை, சிரித்த முகத்தோடு, பல்கலைக்கழக வாசலில் பதாகையாகத் தொங்குகிறது.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஹயாத்திக்குப் பொய் வராது. வந்திருந்தால் எப்போதோ நிரந்தரமாகியிருப்பாள்.

"இல்ல புரொபசர். என் கை இன்னும் மடங்கவே இல்ல. எல்லாரும் எடுக்குறது ஏழாம் நபரோட பதிவை மட்டும்தான். கையை நினைக்கச் சொன்னா, அந்த ஆளு தூங்கிருச்சு."

டத்தோவின் வாயில் இருந்த தேநீர் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"தூங்கினதுக்கா அறுநூறு மேற்கோள்?"

"முழிப்புலருந்து தூக்கத்துக்குச் சறுக்குற அலை, அவ்வளவு சுத்தமா வேற எங்கயும் பதிவாகலையாம். லாரி ஓட்டுறவன் கண்ணு சொருகினா எழுப்புற கருவியைக்கூட அதை வச்சுத்தான் சோதிக்கிறாங்க."

"பரிசோதனைக்குன்னு வந்து குறட்டை விட்டிருக்கு. வெட்கங்கெட்ட ஜென்மமா இருக்கும்போல."

"வடிகட்டின சோம்பேறி டத்தோ," என்றாள் ஹயாத்தி. "இத்தனைக்கும் படிச்ச ஆளு. எச்சில் வடிஞ்சு தொப்பி வாரெல்லாம் நனைஞ்சு போச்சு."

"நீங்க தட்டி எழுப்ப வேண்டியதுதானே?" என்றார் ஓங்.

"எழுப்புற நிலைமையில நான் இல்ல."

பேராசிரியர் ஓங் பேனாவை மூடினார். "ஆக, உங்க பேரு புகழெல்லாம் யாரோ போட்ட தூக்கம். உங்க மூளைக்கு இதுல வேலையே இல்ல."

"ஒருவகையில வேலை செய்யலங்கிறது உண்மைதான் புரொபசர்."

"விடுங்க ஓங்," என்று குறுக்கிட்டார் டத்தோ. "எண்ணிக்கைன்னா எண்ணிக்கைதான். தரவரிசை போடுறவன் தூங்கினதா முழிச்சதான்னா பார்க்கப்போறான்?" பிறகு ஹயாத்தியின் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. நாம தூக்க ஆய்வுக்கூடம் ஒண்ணு தொடங்கப்போறோம். அந்த ஏழாம் நபரைக் கூட்டிட்டு வா. அதே மாதிரி இன்னொரு தூக்கம் தூங்கட்டும். உன் வேலை நிரந்தரம்."

"ஆளு யாருன்னு நான் சொல்லக்கூடாது டத்தோ. ஆய்வு நெறி."

"அந்த ஆளே சம்மதிச்சா?"

"சம்மதிக்கும். ஆனா தூக்கம் வராது."

"ஏன், உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வேலை இருக்குமா போயிருமான்னு நாலு வருஷமா யோசிச்சு யோசிச்சு, இப்பல்லாம் கூரையைப் பார்த்துக்கிட்டே விடிஞ்சுருது. அந்தப் பதிவு ஒப்பந்தம்னா என்னன்னே புரியாத புதுசுல எடுத்தது."

"பாவம்," என்றார் டத்தோ. "அப்போ நாங்க என்னதான் செய்யுறது?"

ஹயாத்தி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னைக்கு ஏழாவதா வர்றேன்னு சொன்ன ஆளு வரல டத்தோ. எண்ணிக்கை குறையக்கூடாதேன்னு தொப்பியை நானே மாட்டிக்கிட்டேன். நிரந்தர ஆணையில கையெழுத்தைப் போடுங்க, இந்த மேசையிலேயே தூங்கிக் காட்டுறேன்."