கடைசியில் ஒரு முப்பதாயிரம்

"லீவு போட்டும் நிம்மதி கிடையாதா உங்களுக்கு? குடுங்க போனை, அணைச்சு வைக்கிறேன்" என்று மனைவி கையை நீட்டினாள்.

கம்ப்யூட்டர் இன்ஜினியர் கொடுக்கவில்லை. படுத்தபடியே போனைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைப் பெண். ஆபீஸில் இருந்தபடியே அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் என்பதால் நான்கு வருடமாகக் குரலில் மட்டும்தான் பழக்கம். மெஷின் முரண்டு பிடித்தால் மட்டுமே அவளுக்கு இவர் ஞாபகம் வரும்.

"சார், பேஷன்ட்டை ஸ்கேன் எடுத்து அனுப்பியாச்சு. ஆனா படத்தைச் சேர்க்கற கம்ப்யூட்டர் பாதியிலயே நின்னுடுது. மெமரி பத்தலையாம். மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்."

"அறுபத்து நாலு ஜிபி இருக்கேம்மா! எப்படிப் பத்தாம போகும்?"

"எனக்கென்ன சார் தெரியும்? நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. பேஷன்ட்டுக்கு உள்ளே எங்கயோ ரத்தம் கசியுதாம். படம் பார்க்காம கத்தி வைக்க மாட்டேங்கறார் டாக்டர்."

"படம் எங்கே?" என்று டாக்டர் ஒரு தடவை கத்தியது இன்ஜினியருக்கு இரண்டு தடவை கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுபடி ஆன் பண்ணும்மா. கருப்புத் திரையில ரெண்டு மூணு வரி வரும். வந்த உடனே 'ஈ' எழுத்தைத் தட்டு."

"தட்டிட்டேன். என்னென்னமோ வருது சார்."

"'லினக்ஸ்'னு ஆரம்பிக்கற வரியைப் பிடி. அதோட கடைசில என்ன இருக்கு? நிதானமாப் படி."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஹியூஜ்பேஜஸ்... ஈக்வல் டு... முப்பதாயிரம்."

இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று சாயங்காலம் உடம்பு முடியாமல், சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவரே அடித்த எண் அது. டாக்டர்கள் படம் பார்க்கும் புரோகிராமுக்குப் பாதி மெமரியை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம் என்று முப்பதாயிரம் எம்பி போட்டிருந்தார்.

ஹியூஜ்பேஜஸுக்கு எம்பி கணக்குக் கிடையாது, துண்டுக் கணக்கு. ஒரு துண்டுக்கு இரண்டு எம்பி; முப்பதாயிரம் துண்டுக்குக் கிட்டத்தட்ட அறுபது ஜிபி. இருக்கிற மெமரியை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, வேலையைப் பார் என்றால் மெஷின்தான் என்ன செய்யும், பாவம்.

"நான் போட்டதுதான்" என்று போனைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் முனகினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லித் தொலைங்களேன்!"

"சொன்னா அவ கை நடுங்கும். வேற எதையாவது அழிச்சுட்டா மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

அவரே போய் உட்கார்ந்தால் பத்து வினாடி வேலை. போக வழியில்லை. முகம் தெரியாத ஒருத்தியின் விரல்களை நம்பிக் கிடப்பது தவிர அவரால் செய்ய ஒன்றுமே இல்லை.

"அந்த வார்த்தை, அந்த எண், ரெண்டையும் மட்டும் அழிம்மா. பக்கத்துல எதையும் தொடாதே. ஆச்சா? இப்ப கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அமுக்கு."

போனில் மெஷின் விசிறி இரையும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழாமல் இருக்கப் பார்த்தாள்.

"சார்! வந்திடுச்சு சார்! டாக்டர் படத்தைப் பார்த்துட்டு அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடறார்!"

இன்ஜினியர் மெல்ல மூச்சு விட்டார். "இது இந்த ஒரு தடவைக்குத்தாம்மா. ஆஃப் பண்ணிடாதே, பழையபடி ஆயிடும். நிரந்தரமா மாத்த நான் வரணும்."

"எப்ப சார் வருவீங்க? நாளைக்கா?"

கதவு திறந்தது. மனைவி மறுபடியும் போனுக்காகக் கையை நீட்டினாள். இந்தத் தடவை கொடுப்பதற்கு முன்னால் அவர் சொன்னார்:

"டாக்டரைத்தாம்மா கேக்கணும். படத்துல இருக்கறது என் வயிறு."